எட்டாயிரம் குழாய்கள், ஒரே மூச்சு!



பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதியிருக்கிறீர்களா? இலையை இறுக்கமாகச் சுருட்டி, ஒரு முனையை விரலால் லேசாக நசுக்கி, உதட்டில் வைத்து ஊதினால் 'பீ...' என்று கத்தும். பேனா மூடியைக் கீழுதட்டில் வைத்தும் ஊதியிருப்பீர்கள். அது 'ஊய்...' என்று விசில் அடிக்கும். வகுப்பு நடக்கும்போது ஊதித் திட்டு வாங்கியவர்களும் உங்களில் இருக்கக்கூடும்!

இந்த இரண்டையும் ஊதத் தெரிந்தவருக்கு உலகத்தின் மிகப் பெரிய இசைக்கருவியைப் பற்றிப் பாதி தெரிந்துவிட்டது என்று பொருள். அந்தக் கருவியின் பெயர் பைப் ஆர்கன். பெரிய பெரிய கிறிஸ்தவப் பேராலயங்களில், வாசலுக்கு மேலே உள்ள மாடத்தில், சுவரோடு சுவராக எழுந்து நிற்கும். சில ஆர்கன்கள் உங்கள் பள்ளிக்கூடக் கட்டடத்தை விட உயரமாக இருக்கும். மோட்சார்ட் என்ற இசைமேதை இதை இசைக்கருவிகளின் அரசன் என்று சொன்னார்.

பிரான்ஸ் நாட்டின் தலைநகரமான பாரிஸில் நோத்ர தாம் பேராலயம் இருக்கிறது. நோத்ர தாம் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு 'எங்கள் அன்னை' என்று அர்த்தம். நம்மூர் வழக்கில் சொன்னால், மாதா கோவில்! 1163-ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கிய கத்தோலிக்கப் பேராலயம் அது. 2019-ஆம் ஆண்டு அது தீப்பற்றி எரிந்தது. மரக்கூரை முழுவதும் சாம்பலானது. உள்ளே ஏறத்தாழ எட்டாயிரம் குழாய்கள் கொண்ட ஆர்கன் ஒன்று நின்றுகொண்டிருந்தது. அது என்ன ஆனது?

சொல்கிறேன். அதற்கு முன்னால், ஆர்கன் எப்படிப் பாடுகிறது என்று பார்த்துவிடுவோமா? அது தெரிந்தால்தான் அன்றைக்கு ஏன் அத்தனை பேர் பதறினார்கள் என்பது புரியும்.

கூத்து மேடையில் இருக்கும் தம்பி

எங்கள் கல்லாவி, ஊத்தங்கரைப் பக்கத்துக் கிராமங்களில் பாரதக் கூத்து நடக்கும். விடிய விடிய நடக்கும் அந்தக் கூத்தில் ஓரமாக உட்கார்ந்து ஒருவர் ஆர்மோனியம் வாசிப்பார். நாங்கள் அதைப் 'பெட்டி' என்றுதான் சொல்வோம். ஒரு கை கருப்பு, வெள்ளைக் கட்டைகளை அழுத்தும். இன்னொரு கை பின்னால் உள்ள துருத்தியை அசைத்துக்கொண்டே இருக்கும். துருத்தியை நிறுத்தினால் பாட்டும் நின்றுவிடும்.

ஆர்மோனியம் என்பது பைப் ஆர்கனின் குட்டித் தம்பி. குழாய் இல்லாத தம்பி. 1842-ல் பாரிஸில் அலெக்சாந்தர் தெபாய்ன் என்பவர் அதற்குக் காப்புரிமை வாங்கினார். காலால் மிதித்து வாசிக்கும்படி இருந்த அந்தக் கருவியை, தரையில் உட்கார்ந்து கையால் துருத்தி போட்டு வாசிக்கும்படி மாற்றியவர் கொல்கத்தாவைச் சேர்ந்த துவாரகநாத் கோஷ். அப்படித்தான் அது நம் கூத்து மேடை வரை வந்து சேர்ந்தது.

அண்ணனுக்கும் தம்பிக்கும் குடும்பச் சாயல் உண்டு. இருவருக்கும் காற்று வேண்டும், துருத்தி வேண்டும், கட்டைகள் வேண்டும். வித்தியாசம் என்ன? ஆர்மோனியத்தில் ஒவ்வொரு கட்டைக்கும் உள்ளே சிறு பித்தளை நாக்கு இருக்கும். காற்று பட்டால் அது துடிக்கும். ஆர்கனில் ஒவ்வொரு சுரத்துக்கும் தனித்தனியாக ஒரு குழாயே உண்டு. புல்லாங்குழலில் ஒரே குழலில் துளைகளை மூடித் திறந்து ஏழு சுரங்களையும் கொண்டு வந்துவிடுகிறோம். ஆர்கனில் அந்த வேலையே கிடையாது. ஒரு குழாய்க்கு ஒரே சுரம். வாழ்நாள் முழுவதும் அது அந்த ஒரு சுரத்தை மட்டுமே பாடும்.

குழாய்களில் இரண்டு சாதி உண்டு. ஒன்று பேனா மூடி சாதி. காற்று ஒரு கூரான விளிம்பில் மோதி, குழாய்க்குள் இருக்கும் காற்றை அதிரச் செய்யும். நம் புல்லாங்குழலும் இந்தச் சாதிதான். இன்னொன்று பூவரச இலை சாதி. இதில் ஒரு நாக்கு துடிக்கும். நாதஸ்வரத்தின் வாயில் சீவாளி வைத்திருப்பார்கள் பாருங்கள், அதுபோல. ஆனால் ஆர்கன் குழாயில் இருப்பது பித்தளை நாக்கு. முதல் சாதி மென்மையாகப் பாடும். இரண்டாவது சாதி எக்காளம் போல முழங்கும்.

ஆசிரியராக இருந்தவன் கணக்கு சொல்லாமல் விடமாட்டேன்! குழாய் நீளமானால் ஒலி கனக்கும், குட்டையானால் கீச்சிடும். 8 அடி நீளமுள்ள திறந்த குழாயில் காற்று ஒரு விநாடிக்குச் சுமார் 65 தடவை அதிரும். அதைப் பாதியாக்கி 4 அடி ஆக்கினால் 130 தடவை. அதாவது கீழ் 'ச' போய் மேல் 'ச' வந்துவிடும். 2 அடி ஆக்கினால் 260 தடவை. இப்போது எதிர்ப்பக்கம் போங்கள். 16 அடிக்குச் சுமார் 33. அப்படியானால் 32 அடிக்கு? ஆமாம், 16 தான்! மனிதக் காது பொதுவாக விநாடிக்கு 20 அதிர்வுக்குக் குறைந்தால் அதைச் சுரமாகக் கேட்காது. அப்படியானால் 32 அடிக் குழாய் எதற்கு? அந்த ஒலியைக் காதை விட உடம்பு நன்றாகக் கேட்கும். உட்கார்ந்திருக்கும் பலகை நடுங்கும், நெஞ்சுக்குள் ஏதோ உறுமும். நோத்ர தாம் ஆர்கனில் இப்படி 32 அடிக் குழாய்கள் இருக்கின்றன. மூன்று மாடி உயரம்! அதே ஆர்கனில் பென்சிலை விடச் சின்னக் குழாய்களும் இருக்கின்றன.

இவ்வளவு பெரிய குழாய்களை ஊத, பலமான காற்று வேண்டும் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை. பஞ்சர் கடை கம்ப்ரஸரில் இருக்கும் அழுத்தத்தோடு ஒப்பிட்டால், ஆர்கனின் காற்று வெறும் தென்றல். பலூன் ஊத நீங்கள் கொடுக்கும் அழுத்தம் கூட அதை விட அதிகம். ஆனால் அந்தத் தென்றல் நிறைய வேண்டும், நிற்காமல் வேண்டும், ஏறாமல் இறங்காமல் ஒரே சீராக வேண்டும். பேனா மூடியை அழுத்தி ஊதிப் பாருங்கள், விசிலின் சுருதி மாறிவிடும். ஆர்கனிலும் காற்று தடுமாறினால் சுருதி தடுமாறும். அதனால்தான் தோலால் ஆன பெரிய துருத்திகளின் தலையில் கனமான எடைகளை வைத்து, காற்று ஒரே அளவாக வரும்படி செய்தார்கள்.

நாவிதர் மகன் செய்த கருவி

இதை முதலில் கண்டுபிடித்தவர் யார்? எகிப்து நாட்டு அலெக்சாந்திரியா நகரில், கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிடெசிபியஸ். இவர் ஒரு நாவிதரின் மகன். அப்பாவின் கடையில் கண்ணாடியை ஏற்றி இறக்க வசதியாக, கயிற்றின் மறுமுனையில் ஈயக் குண்டு கட்டி அதை ஒரு குழாய்க்குள் விட்டாராம். குண்டு இறங்கும்போது குழாயில் அடைபட்ட காற்று வெளியே பாய்ந்து சத்தம் போட்டது. 'அடடே, காற்றைத் தள்ளினால் இசை வருமே!' என்று அவருக்குத் தோன்றியதாம். வித்ருவியஸ் என்ற ரோமானிய எழுத்தாளர் இந்தக் கதையை எழுதி வைத்திருக்கிறார். கிடெசிபியஸ் செய்த ஆர்கனில் காற்றின் அழுத்தத்தைச் சீராக வைக்கத் தண்ணீரைப் பயன்படுத்தினார்.

அப்போது இது கோவில் கருவி அல்ல. ரோமாபுரியில் விளையாட்டு அரங்குகளில் கூட இதை வாசித்தார்கள். 757-ஆம் ஆண்டில் கிழக்கு ரோமப் பேரரசர் ஐந்தாம் கான்ஸ்டன்டைன், பிராங்க் நாட்டு அரசர் பெப்பினுக்கு ஓர் ஆர்கனைப் பரிசாக அனுப்பினார். பிறகு மெல்ல மெல்ல மேற்கு ஐரோப்பாவின் ஆலயங்களுக்குள் அது நுழைந்தது. இங்கிலாந்தின் வின்செஸ்டர் நகரில் 10-ஆம் நூற்றாண்டில் இருந்த ஆர்கனுக்குத் துருத்தி போட 70 ஆள்கள் வியர்வை சிந்தினார்கள் என்று அக்காலப் பாடல் ஒன்று சொல்கிறது. புலவர்கள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள், அங்கேயும் அப்படித்தான் இருந்திருக்கும் என்பது என் எண்ணம்! ஆனாலும் மின்சாரம் வரும் வரை, ஒருவர் வாசிக்க வேண்டுமானால் பின்னால் சிலர் துருத்தி மிதித்தே ஆக வேண்டும். கைதட்டல் வாசித்தவருக்குத்தான். மிதித்தவரை யாரும் பார்த்ததுகூட இல்லை.

நம் நாட்டில் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். மும்பை கொலாபா பகுதியில் 1905-ல் கட்டப்பட்ட திருப்பெயர் கத்தோலிக்கப் பேராலயத்தில் ஒன்று இருக்கிறது. சென்னை எழும்பூரில் 'கிர்க்' என்று அழைக்கப்படும் புனித அந்திரேயா ஆலயத்தில் உள்ள ஆர்கன், இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் செய்யப்பட்டுக் கப்பலில் வந்து, 1883-ல் நிறுவப்பட்டது. (இந்த ஆலயம் கத்தோலிக்க ஆலயம் அல்ல, ஸ்காட்லாந்துக்காரர்கள் கட்டியது.) அந்த ஆர்கனைப் பல ஆண்டுகள் வாசித்தவர் ஹாண்டல் மானுவல் என்ற தமிழகத்து இசைக்கலைஞர். ஓசூர், கிருஷ்ணகிரிப் பிள்ளைகளுக்கு இன்னும் பக்கத்தில், பெங்களூரு கப்பன் சாலையில் உள்ள புனித அந்திரேயா ஆலயத்திலும் ஒன்று உண்டு.

ஆனால் நம் தட்பவெப்பத்தில் ஆர்கனை வளர்ப்பது குழந்தையை வளர்ப்பது போல. மழைக்காலத்தில் மரம் உப்பும், கோடையில் வெடிக்கும். கரையான் அரிக்கும். துருத்தித் தோலை எலி கடித்துவிடும்!

இந்தத் தொல்லைகளுக்கு ஒருவர் அழகாக வழி கண்டுபிடித்தார். பிலிப்பைன்ஸ் நாட்டில் லாஸ் பின்யாஸ் என்ற ஊரின் பங்குத் தந்தையாக இருந்தவர் தியேகோ செரா. ஸ்பெயின் நாட்டுக்காரர். உள்ளூரில் கிடைப்பதை வைத்தே ஆர்கன் செய்தால் என்ன என்று யோசித்தார். அங்கே என்ன கிடைக்கும்? மூங்கில்! 1816-ல் வேலையைத் தொடங்கினார். வெட்டிய மூங்கில்களைக் கடற்கரை மணலில் புதைத்து வைத்தார். பூச்சி அரிக்காமல் இருப்பதற்காக. 1824-ல் ஆர்கன் முழுமை பெற்றது. மொத்தம் 1,031 குழாய்கள். அவற்றில் 902 மூங்கில்! மீதி 129 மட்டும் உலோகம். நிலநடுக்கத்திலும் புயலிலும் அடிபட்ட அந்த ஆர்கனை 1973-ல் ஜெர்மனிக்குக் கப்பலேற்றி, பழுது பார்த்து, 1975-ல் திரும்பக் கொண்டு வந்தார்கள். நம் புல்லாங்குழல்களின் ஊர்வலம் ஒன்று அங்கே நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

ஐந்து அடுக்குக் கட்டைகள்

இனி பாரிஸுக்குப் போவோம். நோத்ர தாமின் பெரிய ஆர்கன், மேற்கு வாசலுக்கு மேலே, ரோஜாப்பூ வடிவக் கண்ணாடி ஜன்னலுக்கு முன்னால் நிற்கிறது. இதை ஒருவர் ஒரே காலத்தில் செய்யவில்லை. 1733-ல் பிரான்சுவா தியெரி பெரிய ஆர்கனாகக் கட்டினார். 1788-ல் கிளிக்கோ என்ற ஆர்கன் கலைஞர் புதுப்பித்தார். மறு ஆண்டே பிரெஞ்சுப் புரட்சி! பேராலயத்தின் சிலைகள் உடைக்கப்பட்டன, மணிகள் உருக்கப்பட்டன. ஆர்கன் தப்பியது. 1868-ல் கவாயே-கோல் என்ற மேதை அதை மேலும் பெரிதாக்கினார். அவர் பழைய நல்ல குழாய்களைத் தூக்கி எறியவில்லை. அதனால் இன்றும் 18-ஆம் நூற்றாண்டுக் குழாய்களும் 19-ஆம் நூற்றாண்டுக் குழாய்களும் 20-ஆம் நூற்றாண்டுக் குழாய்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்று சேர்ந்து பாடுகின்றன.

வாசிப்பவர் முன்னால் ஐந்து வரிசைக் கட்டைகள், படிக்கட்டு போல ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும். இரண்டு கை போதாது! கீழே காலால் அழுத்துவதற்கு ஒரு வரிசை மிதிகட்டைகள். கனமான அடிச் சுரங்களைக் காலாலேயே வாசிக்க வேண்டும். இரு பக்கமும் இழுக்கும் குமிழ்கள். அவற்றுக்கு 'ஸ்டாப்' என்று பெயர். ஒரு குமிழை இழுத்தால் ஒரு வகைக் குழாய்களுக்குக் காற்று போகும் வழி திறக்கும். புல்லாங்குழல் போல வேண்டுமா, ஒரு குமிழ். எக்காளம் வேண்டுமா, இன்னொரு குமிழ். இப்படி 115 ஸ்டாப்கள். எதை எதோடு சேர்ப்பது என்பது சமையல்காரர் மசாலா சேர்ப்பது போல. சேர்மானம் சரியில்லை என்றால் கசக்கும்.

வீணைத் தந்தியை மீட்டினால் ஒலி மெல்ல மெல்லத் தேய்ந்து போகும். பியானோவும் அப்படித்தான். ஆர்கனில் விரல் அழுத்தியிருக்கும் வரை சுரம் தேயவே தேயாது. மூச்சு வாங்காத பாடகர்! விரலை எடுத்த பிறகும் அந்தப் பெரிய கல் மண்டபத்தில் ஒலி பல விநாடிகள் சுற்றிக்கொண்டிருக்கும். ஆழமான கிணற்றில் எட்டிப் பார்த்துக் கூவியவர்களுக்கு அது எப்படி என்று தெரியும். அதனால் வாசிப்பவர் அந்த எதிரொலிக்கும் இடம் விட்டு, காத்திருந்து வாசிக்க வேண்டும். அவசரப்பட்டால் எல்லாம் கூழாகிவிடும்.

நம் வித்துவான்கள் ஆலாபனையும் கற்பனைச் சுரமும் அந்த நேரத்தில் மனத்தில் தோன்றியபடி வாசிப்பார்கள் அல்லவா? நோத்ர தாமில் ஆர்கன் வாசிப்பவர்களும் அப்படித்தான். திருப்பலியின்போது பாடப்பட்ட ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு, முன்னால் எழுதி வைக்காமல், அங்கேயே விரித்து வாசிப்பார்கள். அதில் பேர் போனவர்களே அந்த இருக்கைக்கு வருவார்கள்.

பார்வை குன்றியவர் வாசித்த 37 ஆண்டுகள்

அந்த இருக்கையில் 1900 முதல் 1937 வரை உட்கார்ந்தவர் லூயி வியெர்ன். பிறவியிலேயே கண்புரை. சிறு வயதில் நடந்த அறுவை சிகிச்சையால் கொஞ்சம் பார்வை கிடைத்தது, அவ்வளவுதான். பாரிஸில் உள்ள பார்வையற்றோர் பள்ளியில் படித்தார். அது எந்தப் பள்ளி தெரியுமா? பிரெயில் எழுத்தைக் கண்டுபிடித்த லூயி பிரெயில் படித்து, பின்னர் ஆசிரியராக இருந்த அதே பள்ளி. இன்னொரு செய்தி: அந்த லூயி பிரெயிலும் பாரிஸ் ஆலயங்களில் ஆர்கன் வாசித்தவர்தான்!

வியெர்னுக்கு 1906-ல் தெருவில் நடந்த விபத்தில் கால் முறிந்தது. ஆர்கன் வாசிப்பவருக்குக் கால் என்றால் சும்மாவா? மிதிகட்டை வாசிப்பை அவர் முதலிலிருந்து மறுபடியும் கற்றுக்கொண்டார். அவர் காலத்தில் ஆர்கன் பழுதடைந்து கிடந்தது. அதைச் செப்பனிடப் பணம் திரட்டுவதற்காக, பார்வை குன்றிய அந்த மனிதர் 1927-ல் அமெரிக்கா வரை போய்க் கச்சேரிகள் செய்தார்.

உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ மணி அடிக்கும்போது 'டிங் டாங் டிங் டாங்' என்று மெட்டு போடும் கடிகாரம் இருக்கிறதா? அது லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் கடிகாரக் கோபுரத்தின் மெட்டு. அந்தச் சின்ன மெட்டை வைத்து வியெர்ன் ஓர் ஆர்கன் இசைப்படைப்பே செய்திருக்கிறார். மெதுவாகத் தொடங்கி, மேலும் மேலும் குழாய்கள் சேர்ந்து, கடைசியில் ஊரையே எழுப்பும்படி முடியும்.

1937 ஜூன் 2. வியெர்னுடைய 1,750-ஆவது கச்சேரி. தம் படைப்பை வாசித்து முடித்தார். அடுத்து, கொடுக்கப்படும் ஒரு மெட்டை விரித்து வாசிக்க வேண்டும். அந்த மெட்டைப் பிரெயிலில் எழுதிக் கொடுத்தார்கள். விரலால் தடவிப் படித்தார். எந்தெந்த ஸ்டாப் வேண்டும் என்று தேர்ந்தெடுத்தார். அப்போதே திடீரெனச் சாய்ந்தார். அவருடைய கால் ஒரு மிதிகட்டையின் மேல் விழுந்தது. கீழே உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடந்தது தெரியாது. ஒரே ஓர் ஆழ்ந்த சுரம் மட்டும் பேராலயம் முழுவதும் ஒலித்துக்கொண்டே இருந்தது.

தீப்பிடித்த மாலை

2019 ஏப்ரல் 15, திங்கள்கிழமை மாலை. புனித வாரம் தொடங்கியிருந்தது. கூரையில் தீப்பிடித்தது. நூற்றாண்டுகளாகக் காய்ந்து கிடந்த மர உத்தரங்கள்! கூரைக்கு மேலே ஓடு கிடையாது, ஈயத் தகடுகள். தீயில் ஈயம் உருகியது. ஒன்றரை மணி நேரத்தில் உயரமான ஊசிக் கோபுரம் சரிந்து, உள்ளே விழுந்தது. தெருவில் நின்ற மக்கள் அழுதார்கள், பாடினார்கள். தீயணைப்பு வீரர்கள் விடிய விடியப் போராடி இரண்டு முன் கோபுரங்களையும் காப்பாற்றினார்கள்.

அந்த இரு கோபுரங்களுக்கு நடுவில்தான் ஆர்கன் இருந்தது. அதன் தலைக்கு மேலே இருந்த கல் வளைவு இடியவில்லை. தீ ஆர்கனைத் தொடவில்லை. தண்ணீரும் அதிகம் படவில்லை. பலிபீடப் பக்கம் இருந்த சிறிய ஆர்கன்தான் தண்ணீரில் நனைந்து பாழானது. பெரிய ஆர்கன் பிழைத்துவிட்டது என்று தெரிந்ததும் உலகமெங்கும் இசைக்காரர்கள் பெருமூச்சு விட்டார்கள்.

ஆனால் பிழைத்தது என்று சொன்னால் போதுமா? குழாய்களின் வாய் எல்லாம் மஞ்சள் நிறத் தூசி. வெறும் தூசி அல்ல, ஈயத் தூசி. உடம்புக்குள் போனால் நஞ்சு. கூரை போன பேராலயத்துக்குள் வெயிலும் குளிரும் மாறி மாறி இறங்கின. அந்த ஆண்டு ஜூலையில் பாரிஸில் 42.6 டிகிரி செல்சியஸ் வெயில் அடித்தது. பாரிஸ் அதுவரை கண்டிராத வெயில் அது. மரமும் தோலும் தாங்குமா? அப்படியே ஊதிப் பார்க்கவும் முடியாது. ஊதினால் நஞ்சுத் தூசி மண்டபம் முழுவதும் பறக்கும். எட்டாயிரம் குழாய்கள் இருந்தும் ஆர்கன் ஊமை.

ஒரே வழிதான் இருந்தது. முழுவதையும் கழற்ற வேண்டும். 2020 ஆகஸ்டில் தொடங்கினார்கள். கொரோனா காலம் வேறு. பாதுகாப்பு உடையும் முகமூடியும் அணிந்த ஆர்கன் தொழிலாளர்கள் சாரம் கட்டி ஏறி, முதலில் கட்டைகள் உள்ள பகுதியை இறக்கினார்கள். பிறகு குழாய் குழாயாக எடுத்தார்கள். எது எந்த இடம் என்று குறித்து வைக்காவிட்டால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள்! டிசம்பரில் கழற்றும் வேலை முடிந்தது. குழாய்கள் பிரான்ஸின் வெவ்வேறு பட்டறைகளுக்குப் போயின. ஒவ்வொரு குழாயையும் துடைத்தார்கள். காற்றைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டிகளுக்குப் புதிய தோல் ஒட்டினார்கள். 2023-ல் எல்லாம் திரும்பி வந்து ஏறின.

அதோடு முடிந்ததா? இல்லை. சுருதி சேர்க்க வேண்டுமே! ஒருவர் கட்டையை அழுத்துவார். இன்னொருவர் ஆர்கனுக்குள்ளே, குழாய்களுக்கு நடுவே நின்று, அந்தக் குழாயை மிகச் சிறிய அளவு திருத்துவார். மறுபடி அழுத்துவார். மறுபடி திருத்துவார். பகலில் பேராலயத்தில் கொத்தனார், தச்சர், கல் செதுக்குபவர் என்று ஒரே இரைச்சல். அந்த இரைச்சலில் சுருதி எப்படிக் கேட்கும்? அதனால் ஊர் உறங்கும் நேரத்தில், இரவு இரவாக வேலை செய்தார்கள். மாதக்கணக்கில்! எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ஆள் இல்லாத பெரிய மண்டபம், நள்ளிரவு, ஒரே ஒரு குழாய் 'ஊ...' என்கிறது. இருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுக்கிறார்கள்.

எட்டு முறை அழைத்தார்

2024 டிசம்பர் 7. பேராலயம் மீண்டும் திறக்கப்பட்ட நாள். நாட்டுத் தலைவர்கள் பலர் வந்திருந்தார்கள். தீயணைப்பு வீரர்களையும் வேலை செய்த கைவினைஞர்களையும் கண்டு கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. பேராயர் லோரன் உல்ரிச், பூட்டியிருந்த கதவைத் தம் செங்கோலால் தட்டித் திறக்கச் செய்தார். பிறகு ஆர்கனைப் பார்த்து நின்றார். ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக வாய் திறக்காத ஆர்கன்!

அதை ஓர் ஆளை எழுப்புவது போலப் பெயர் சொல்லி, விழித்தெழுமாறு அழைத்தார். மேலே இருந்து முதல் பதில் வந்தது. இரண்டாவது முறை அழைத்தார். வேறு குரலில் பதில் வந்தது. இப்படி எட்டு முறை அழைப்பு, எட்டு முறை பதில். எந்தப் பதிலும் எழுதி வைத்ததல்ல. ஒலிவியே லாத்ரி, வேன்சான் துய்புவா, தியெரி எஸ்கேஷ், திபோ ஃபஜோல் என்ற நான்கு கலைஞர்கள் மாறி மாறி உட்கார்ந்து, அந்த நேரத்தில் தோன்றியதை வாசித்தார்கள். மெல்லிய குழாய்கள், முழங்கும் குழாய்கள், நிலத்தை நடுங்க வைக்கும் 32 அடிக் குழாய்கள் என்று ஒவ்வொன்றாக விழித்துக்கொண்டன.

இந்த நால்வரில் கடைசியாகச் சொன்ன திபோ ஃபஜோல், 2024-ல் இந்தப் பொறுப்புக்கு நியமிக்கப்பட்டபோது அவருக்கு வயது 21. உங்கள் வீட்டு அண்ணன், அக்கா வயது!

இந்த ஆர்கனின் இசையை நீங்கள் இணையத்தில் கேட்கலாம். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். கைபேசியின் சின்ன ஒலிபெருக்கியில் அந்த 32 அடிக் குழாயின் குரல் வராது, வரவும் முடியாது. பள்ளி ஆண்டு விழாவுக்குப் பெரிய பெரிய ஸ்பீக்கர் கட்டுவார்கள் அல்லவா? அந்த ஒலிபெருக்கிக்கார அண்ணனிடம் கேட்டு, விழா தொடங்கும் முன் வியெர்னின் வெஸ்ட்மின்ஸ்டர் மெட்டை ஐந்து நிமிடம் போடச் சொல்லுங்கள். போடும்போது பக்கத்தில் உள்ள மரப்பலகையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள்.